படலையடியில் நிற்கும் மோட்டார் சைக்கிள்

(திருகோணமலையில் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, அக்காமாரே, பின்னுக்கு நிற்கும் தம்பிமாரே,

பெண்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கிறவளுக்கு மிரட்டல் எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கியோடு வருவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் படலையடியில் வந்து நிற்கும். அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள்: "இந்த அக்கா எங்க போய் வாறா? ஆர் காசு குடுக்கிறது?" அடுத்த நாள் கிணற்றடியில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். மகளுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போகும். ஆணென்றால் குழப்படிக்காரன் என்பார்கள், அதோடு சரி. பெண்ணென்றால் நடத்தையில் கை வைப்பார்கள். மனித உரிமைக்காகக் குரல் கொடுக்கிறவர்களுக்காக 1998இல் பிரகடனம் செய்த ஐ.நா. பொதுச்சபை, அவர்களில் பெண்களுக்கென்று 2013இல் தனியாக ஒரு தீர்மானமும் நிறைவேற்றியது. ஏன் தேவைப்பட்டது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2014 மார்ச்சில் கிளிநொச்சியில் பாலேந்திரன் ஜெயக்குமாரியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிப் போராடிய தாய். குற்றச்சாட்டே இல்லாமல் ஏறத்தாழ ஒரு வருடம் தடுப்பில் இருந்தார். அன்றைக்கு வீட்டில் கூட இருந்த 13 வயது மகளைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உங்களைக் கொண்டுபோனால் பிள்ளையை ஆர் பார்ப்பது, சட்டத்தரணிக்கு ஆர் போன் எடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் பிள்ளையின் பழைய சீஆர் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். திகதி, நேரம், வாகன இலக்கம், வந்தவரின் சேட்டு நிறம், கேட்ட கேள்வி, எல்லாம். பொலிஸில், "எப்ப வந்தவங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?" என்று இழுத்தார்கள். அக்கா கொப்பியை மேசையில் விரித்து வைத்தார். அப்புறம் முறைப்பாட்டை எழுதத்தான் வேண்டியிருந்தது. முறைப்பாட்டு இலக்கத்தையும் கையோடு வாங்கிக்கொண்டுதான் வந்தார். கொப்பியின் பிரதி ஒன்று தங்கச்சி வீட்டில் இருக்கிறது.

சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்தது, 2023இல் புதிதாக எழுதினார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. நம் ஊரிலும் அதற்கு அலுவலகம் உண்டு. இவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் படலை தட்டப்படும்போது முதலில் ஓடிவரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். இங்கே இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் வந்து விசாரித்தால், "அவவிட்டயே கேளுங்கோ, நானும் கூட வாறன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.