ஒரே முகத்தில் பல தந்தையர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பீட் போசில்த்வெய்ட், இங்கிலாந்து நடிகர். இந்தப் பெயரைச் சொல்லும்போதே நாக்கு ஒருமுறை இடறுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் பெயரை மாற்றிக்கொள்ளும்படி அவருக்கு அறிவுரை சொன்னார்கள். இத்தனை எழுத்துகளை அரங்க வாசலில் விளக்குப் போட்டு எழுதினால் மின்கட்டணம் கட்டி மாளாது என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. முகமும் அப்படித்தான். ஒட்டிய கன்னம், அதற்கு மேல் துருத்தி நிற்கும் எலும்பு, கரடுமுரடான தோல். காதல் காட்சிக்கு எந்த இயக்குநரும் தேடிப் போகாத முகம்.

குணச்சித்திர நடிகர்களைப் பற்றிப் பேச வருபவர்கள் அவர்கள் ஏற்ற வேடங்களை எல்லாம் அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். திருடன், வக்கீல், வேட்டைக்காரன், பாதிரியார் என்று இவருக்கும் நீளமாக அடுக்கலாம். நான் அந்த வழிக்குப் போகவில்லை. இவர் நடித்த தகப்பன்மார்களைப் பார்த்தாலே இவர் யார் என்று தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவிலுள்ள வாரிங்டன் நகரில், 1946 பிப்ரவரி 7 அன்று, உழைக்கும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாதிரியாராகப் போகலாம் என்ற எண்ணம் முதலில் இருந்தது. பிறகு ஆசிரியரானார், நாடகம் கற்பித்தார். அதன் பிறகுதான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் சேர்ந்தார்.

அவரை உருவாக்கிய இடம் லிவர்பூலின் எவ்ரிமேன் அரங்கம். ஹோப் தெரு என்று ஒரு தெரு. அதன் ஒரு முனையில் ஆங்கிலிக்கன் பேராலயம், மறுமுனையில் கத்தோலிக்கப் பேராலயம். இடையில், 19ஆம் நூற்றாண்டில் ஜெபக்கூடமாகக் கட்டப்பட்ட ஒரு பழைய கட்டடத்தில் இந்த நாடகக் குழு இயங்கியது. 1970களில் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் வியப்பாக இருக்கும்: ஜொனாதன் பிரைஸ், ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஆண்டனி ஷெர். அன்று அவர்களில் ஒருவரையும் வெளியுலகம் அறியாது. குழு மேடையில் மட்டும் நிற்கவில்லை. வேனில் ஏறி மதுக்கடைகளுக்கும் போய் நாடகம் போட்டது. கையில் பீர்க் கோப்பையோடு நிற்கிறவனுக்கு நாடகம் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பிடிக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவனோடு பேச்சைத் தொடங்கிவிடுவான். அப்படிப்பட்டவனைத் திரும்பிப் பார்க்க வைப்பது பள்ளியில் கற்றுத்தரும் வித்தை அல்ல. அடுத்து ராயல் ஷேக்ஸ்பியர் குழு, தொலைக்காட்சி என்று சில ஆண்டுகள் போயின.

1988இல் டெரன்ஸ் டேவிஸ் இயக்கிய ‘டிஸ்டண்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ வந்தது. 1940, 50களின் லிவர்பூலில் இயக்குநர் தம் சொந்தக் குடும்பத்தையே படமாக்கியிருந்தார். அதில் போசில்த்வெய்ட்தான் தகப்பன். மனைவியை அடிப்பவன், மகளைத் துடைப்பத்தால் அடிப்பவன். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அடிக்கும் காட்சிகளை அல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அவன் உறங்கும் பிள்ளைகளின் கட்டிலில் பரிசுக் காலுறைகளைத் தொங்கவிடுகிறான். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று மெல்லச் சொல்கிறான். குரலில் பொய்யே இல்லை. அடுத்த காட்சியில் பண்டிகைச் சாப்பாட்டு மேசை. உட்கார்ந்திருப்பவன் திடீரென்று மேசைவிரிப்பை உருவி இழுக்கிறான். தட்டும் சாப்பாடும் தரையில் விழுகின்றன. சுத்தம் செய் என்று மனைவியைப் பார்த்துக் கத்துகிறான். காரணம் சொல்லப்படவில்லை. சாதாரண நடிகராக இருந்தால் முதல் காட்சியிலேயே கண்ணில் ஒரு கொடூரத்தைக் காட்டி நம்மைத் தயார்படுத்தியிருப்பார். இவர் அதைச் செய்யவில்லை. அன்பும் உண்மை, வெறியும் உண்மை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதானே பெரிய பயம்?

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1993இல், அதே முகம் நேர் எதிரான ஒரு தகப்பனைச் சுமந்தது. ஜிம் ஷெரிடனின் ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் 1974இல் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில் ஜெரி கான்லன் என்ற இளைஞர் செய்யாத குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். அவருக்கு உதவ பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த தந்தை ஜிசெப்பேயையும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜிசெப்பே 1980இல் கைதியாகவே இறந்துபோனார். படத்தில் தந்தையும் மகனும் ஒரே சிறையறையில் இருக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை என்று அந்நாளில் கண்டனம் எழுந்தது. வரலாறு என்று பார்த்தால் கண்டனம் நியாயம்தான். ஆனாலும் அந்த அறைக்குள் மகனாக நடித்த டேனியல் டே லூயிஸின் கொதிப்புக்கு எதிரே போசில்த்வெய்ட் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு என்னால் இயக்குநரோடு சண்டை போட முடியவில்லை. ஜெபமாலை உருட்டுகிறார், கடிதம் எழுதுகிறார், இருமுகிறார். குரல் உயர்வதே அரிது. அந்த வேடத்துக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. விருது டாமி லீ ஜோன்ஸுக்குப் போயிற்று.

அதன் பிறகு ஹாலிவுட் அழைத்தது. 1995இல் ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்தில் கோபயாஷி என்ற ஜப்பானியப் பெயர் கொண்ட வக்கீலாக, தெற்காசியச் சாயல் ஏறிய ஓர் ஆங்கிலத்தில் பேசினார். நம் காதுக்கு அந்த உச்சரிப்பு கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படும். 1997இல் ஸ்பீல்பர்க்கின் இரண்டு படங்கள். உலகத்திலேயே சிறந்த நடிகர் இவர்தான் என்று ஸ்பீல்பர்க் சொன்னதாகச் செய்தி பரவியது. அவர் உண்மையில் சொன்னது, தான்தான் உலகத்திலேயே சிறந்த நடிகர் என்று பீட் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் என்று இவரே சொல்லிச் சிரித்தார்.

1996இல் வந்த ‘பிராஸ்ட் ஆஃப்’ படத்தைச் சொல்லாமல் போக முடியாது. யார்க்‌ஷயரின் கிரைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அதன் தொழிலாளர் பித்தளை வாத்தியக் குழுவுக்கும் நேர்ந்ததை ஒட்டிய கதை. கரித்தூள் நுரையீரலை அரித்த டேனி என்ற வாத்தியக் குழு நடத்துநராக நடித்தார். இசைதான் எல்லாம் என்று மகனின் குடும்பம் சிதைவதைக்கூடக் கவனிக்காத தகப்பன். கடைசியில் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கோப்பையை வென்று, அதை வாங்க மறுத்து, மனிதர்களுக்கு முன்னால் இசை ஒன்றும் பெரிதில்லை என்று பேசுகிறார். சம்பவாம்பா என்ற ஆங்கிலேய இசைக்குழு அந்தக் குரலைத் தன் புகழ்பெற்ற பாடலின் ஆல்பம் வடிவத்துக்கு முகப்பாக வைத்தது.

இதில் ஒரு முரண் உண்டு. சுரங்கம் மூடப்பட்ட ஊருக்காகத் திரையில் அழவைத்த இவர், 2009இல் இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த்தில் புதிய நிலக்கரி மின்நிலையம் வந்தால் தமக்கு அளித்த ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்று அரசை எச்சரித்தார். எனக்கு இது முரணாகவே படவில்லை. டேனி அழுதது கரிக்காக அல்லவே. மின்நிலையத் திட்டம் அந்த ஆண்டே ஒத்திவைக்கப்பட்டது, பட்டம் அவரிடமே இருந்தது.

2008இல் லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தபோது அவர் பழைய எவ்ரிமேனுக்கே திரும்பி வந்து ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்றார். ரூபர்ட் கூல்ட் இயக்கிய அந்த நாடகத்துக்கு விமர்சகர்களிடம் கலவையான வரவேற்புதான். வாழ்நாள் முழுக்கப் பிறருக்குத் துணையாக நின்ற நடிகர், 62 வயதில், நாடக இலக்கியத்தின் மிகப் பெரிய தகப்பன் வேடத்தைத் தாம் வளர்ந்த ஊரின் பக்கத்தில் ஏற்றார். அதற்கு லண்டனைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நாடகம் மறு ஆண்டு லண்டனுக்கும் போனது.

2010இல் ‘இன்செப்ஷன்’ படத்தில் சாகக் கிடக்கும் செல்வந்தத் தகப்பனாகச் சில நிமிடங்கள் வருகிறார். 2011 ஜனவரி 2 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 64. ‘தி டவுன்’ படத்தில் பூக்கடை வைத்திருக்கும் ரவுடியாக நடித்ததற்கு அதே மாதம் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதுக்கான பரிந்துரை வந்தது.

இவரைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் ‘பிராஸ்ட் ஆஃப்’ படத்திலிருந்து தொடங்குங்கள், சிரிக்கவும் இடமுண்டு. ஜிசெப்பேயைப் பிறகு பார்க்கலாம். டெரன்ஸ் டேவிஸின் படத்தை மட்டும் பண்டிகை நாளில் பார்க்க வேண்டாம். வணக்கம்.