வர்கலாவில் பெட்டியைப் பிரித்து வைப்போம்

வணக்கம் நேயர்களே.

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், "நாலு நாள், அஞ்சு ஊர், காலைச் சாப்பாடு இலவசம்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். போய் வந்தவர்களைக் கேட்டால் பேருந்தில் தூங்கியதுதான் நினைவில் இருக்கும். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு வர நம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. சுகமான பயணம் ஒன்றும் இல்லை, தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான் அநேகம் பேர். ஆனால் பக்கத்துப் பாய்க்காரர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.

அப்படி ஆள் பழகும் அளவுக்கு ஒரே ஊரில் தங்குவதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். நான் அப்படித் தங்கிய ஊர், கேரளத்தின் வர்கலா. திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடலை ஒட்டிச் செங்குத்தாக ஒரு செம்பாறை மேடு, அதன் மேல் ஒற்றையடிப் பாதை, பாதையோரம் தங்கும் வீடுகள், யோகா கூடங்கள்.

காலையில் மேட்டின் மேல் உலக நாட்டவர் எல்லாம் சூரிய வணக்கம் செய்துகொண்டிருப்பார்கள். மேற்குக் கரை என்பதால் சூரியன் அவர்கள் முதுகுப் பக்கம் தென்னந்தோப்பிலிருந்துதான் வரும்! அதே நேரம் கீழே பாபநாசம் கடற்கரையில், ஈர வேட்டியோடு ஒருவர் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு, வாழையிலையில் எள்ளும் சோறும் வைத்து அப்பாவுக்குப் பிண்டம் போடுவார். காகம் இறங்கும்வரை குடும்பமே நின்று பார்க்கும். நமக்கு ஆடி அமாவாசை போல அங்கே கர்க்கடக வாவு, அன்று மணலில் கால் வைக்க இடமிருக்காது. மேலே இருப்பவர்களில் பலர் கீழே நடப்பது என்னவென்றே தெரியாமல் ஊர் திரும்புகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். மூச்சைக் கவனிக்கக் கற்றவர்கள் அக்கம்பக்கத்தையும் கொஞ்சம் கவனிக்கலாமே.

முதல் சில நாள் எல்லாரும் அப்படித்தான். ஒரு வாரம் போனால் நிலைமை மாறும். நான் தங்கிய வீட்டுச் சேச்சி வகுப்பு முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சியும் பயறும் வைப்பார். பலா இலையைக் கூம்பாக மடித்து, ஈர்க்குச்சி குத்தி, அதுதான் கரண்டி. அதை மடிக்கத் தெரியாமல் ஒரு ஜெர்மன்காரர் திணற, சேச்சியின் பேத்தி தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் அவர் தினமும் வந்து பாத்திரம் கழுவினார். யோகா ஆசிரியர் என்னதான் சொன்னாலும், அந்தத் திண்ணையில்தான் நாங்கள் எல்லாம் ஒரு கூட்டமாக ஆனோம்.

பக்கத்திலேயே சிவகிரி. சாதிக் கொடுமையை எதிர்த்த நாராயண குரு 1928இல் சமாதி அடைந்த இடம். 1925இல் காந்தி வந்து அவரைச் சந்தித்ததும் இங்கேதான். குரு தமிழிலும் பதிகம் பாடியவர், திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அவர் பெயரில் 1948இல் தொடங்கிய மிஷனை நமக்கும் தெரியும், ஈசூனில் முதியோர் இல்லம் நடத்துகிறதே, அதுதான்.

சரி, போக நினைப்பவர்களுக்கு. நம் ஜூன் விடுமுறையில் அங்கே தென்மேற்குப் பருவமழை, கடலில் இறங்க முடியாது, மேட்டுக் கடைகளும் பல மூடியிருக்கும். டிசம்பர்தான் தோது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரித் தீர்த்தாடனம், மஞ்சள் உடுத்திய யாத்ரிகர்களால் ரயிலும் அறைகளும் நிரம்பிவிடும். அதனால் டிசம்பர் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். மாதக் கடைசிவரை தங்க முடிந்தால் அந்த ஊர்வலத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.