ஹைட்ரஜன் என்ஜின்: நீராவி மட்டும்தான் வெளிவருமா?

[காட்சி: கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகள்]

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் கனரக லாரிகள் பெரும்பாலும் டீசலை நம்பியவை. ஓசூரில் ஆலைகள் நடத்தும் அசோக் லேலண்ட், ரிலையன்ஸுடன் சேர்ந்து 2023 பிப்ரவரியில் ஹைட்ரஜனை எரித்து ஓடும் கனரக லாரியை அறிமுகப்படுத்தியது. பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் அதிலும் உண்டு, மாறியது எரிபொருள்தான்.

[காட்சி: சிலிண்டரின் குறுக்குவெட்டுப் படம்]

ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் சுமார் 120 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. டீசலில் கிடைப்பது ஏறத்தாழ 43. ஹைட்ரஜனில் கார்பன் இல்லாததால் கரியமில வாயுவுக்கும் வழியில்லை. ஆயினும், நீராவி மட்டுமே வெளிவரும் என்று விளம்பரங்கள் சொல்வது முழு உண்மையன்று. என்ஜினுக்குள் செல்லும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். வெப்பநிலை 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது ஆக்சிஜனுடன் வேகமாகச் சேர்ந்து, நுரையீரலுக்குக் கேடான நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது.

காற்றில் 4 விழுக்காடு கலந்திருந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால், தேவையைப் போல் இரு மடங்குக்கும் மேல் காற்றைக் கலந்து சுடரின் வெப்பத்தைத் தணிக்கலாம். அப்படிச் செய்தால் ஆக்சைடுகள் வெகுவாகக் குறையும், கூடவே இழுவையும் குறையும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேட்டுக்குப் பாரத்துடன் ஏறும் லாரிக்கு இது சிறிய குறையன்று. அதை ஈடுகட்டவே டர்போசார்ஜர் கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது.

[காட்சி: குவார்ட்ஸ் சன்னல் பொருத்திய சோதனை என்ஜின்]

மற்றொரு சிக்கல், ஹைட்ரஜன் எளிதில் பற்றிக்கொள்வது. 0.02 மில்லிஜூல் ஆற்றலே அதற்குப் போதும். ஸ்பார்க் பிளக்கின் சூடேறிய முனையோ, கனன்றுகொண்டிருக்கும் எண்ணெய்த் துளியோ அதை முன்கூட்டியே பற்றவைத்துவிடும். உள்ளிழுப்பு வால்வு அப்போது திறந்திருந்தால் தீ பின்னோக்கிப் பாய்ந்து பேக்ஃபயர் ஆகும். ஆகவேதான், வால்வு மூடிய பிறகு வாயுவை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை ஆராயப்படுகிறது. ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அது உமிழும் புறஊதா ஒளியைச் சிறப்புக் கேமராவால் படமெடுத்தே தீ பரவும் விதத்தைக் கணிக்கிறார்கள்.

[காட்சி: மின்னாற்பகுப்புக் கலத்தின் வரைபடம்]

நீரைப் பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகிறது. அந்த ஒரு கிலோ எரிந்து தரும் 120 மெகாஜூல் என்பது சுமார் 33 யூனிட்தான். என்ஜின் நாற்பது விழுக்காடு திறனுடன் இயங்கினாலும் அதில் சுமார் 13 யூனிட் அளவுக்கான வேலையே சக்கரத்தை நோக்கிச் செல்லும். இந்தக் கணக்கில், நகரப் பேருந்துகளுக்கு பேட்டரியே மேல். நெடுந்தொலைவு பாரம் இழுக்கும் லாரிகளுக்கு ஹைட்ரஜனைப் பரிசீலிக்கலாம். அதுவும் அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வராத வரைதான்.