எந்தக் குடை மாதிரி?

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, சுருக்கமாகப் பேசி எனக்கு நேரம் விட்டுவைத்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, காரைக்குடியிலிருந்து வெயிலில் வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், சாப்பாட்டுப் பந்தியில் சமாதானம் ஆகிக்கொள்வோம்.

இலை, காளான், பூச்சி. இந்த மூன்றின் உருவத்தை எப்படிச் சொல்வது என்று பேசப்போகிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். நிஜமாகவே தெரியும். நெல்லுக்கு ஒரு வித்திலை, புளிக்கு இரண்டு. அப்புறம் இலை. அரசிலை இதய வடிவம், நுனியில் நீண்ட வால். வல்லாரை சிறுநீரக வடிவம். வேம்பின் சிற்றிலை அரிவாளாக வளைந்திருக்கும், விளிம்பில் ரம்பப் பல். "பச்சையா, நீளமா இருக்கும் சார்" என்றால் ஊரில் பாதி மரம் அதுதானே!

எங்கள் ஆயாவிடம் ஒருநாள் பேரன் போனில் கேட்கிறான், "ஆயா, மழைக்குத் தோட்டத்துல காளான் முளைச்சிருக்கு, குடை மாதிரி இருக்கு, சமைக்கலாமா?" ஆயா விடவில்லை. "எந்தக் குடைடா? நடுவுல கூம்பா மூக்கு இருக்கா? காம்புல மோதிரம் மாதிரி வளையம் இருக்கா? காம்பு புத்துக்குள்ள வேர் மாதிரி இறங்குதா, இல்ல புல்லுமேல நிக்குதா?" அவன் ஒவ்வொன்றுக்கும் தோட்டத்துக்கு ஓடி ஓடி வந்து சொல்கிறான். மூக்கு இல்லை, வளையம் இருக்கு, புல்லுமேல நிக்குது. "தூக்கிப் போடு!" "ஆயா, வெங்காயம் வதக்கிட்டேன்..." "அதுல முட்டையை உடைச்சு ஊத்து!" ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆயாவின் கேள்விகளை மட்டும் நம்பி யாரும் காட்டுக்காளானைச் சமைத்துவிடாதீர்கள். உருவம் ஒத்துப்போகிற விஷக்காளான்களும் உண்டு.

பூச்சிக்கு நேரமில்லை. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் கதாயுதம் மாதிரி தடித்திருக்கும், அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும். மற்றது பிறகு.

ஏனென்றால் நான் வந்ததே ஊருணிக்காக, நம் ஊர்க் குளத்துக்காக. தாமரை இலைக்குக் காம்பு நடுவில் சேரும், இலையில் வெட்டு கிடையாது. அல்லி இலையில் காம்புவரை ஒரு வெட்டு ஓடும். இதை நம் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பது? நம் வீட்டு ஓட்டுச் சரிவிலும் முற்றத்திலும் விழுந்த மழை ஊருணிக்குப் போகும்படி வழிவைத்துக் கட்டிய ஊர்ங்க இது. இன்று அங்கே காம்பு உப்பிய ஆகாயத்தாமரை மட்டும் மூடிக்கிடக்கிறது, கரை ஓரம் சாக்கடை. விளையும் பயிர் முளையிலே தெரியும், களையும் அப்படித்தான், முளையிலேயே பிடுங்கியிருக்க வேண்டும்.

சரி, ஊராட்சித் தலைவர் இங்கேயே இருக்கிறார், நல்லதாகப் போயிற்று. ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைத் தூர்வார வேண்டும், சாக்கடையைத் திருப்ப வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பந்திக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.