பின்பக்கத்தையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஆவணம் என்று வாயெடுத்தாலே பேச்சு 1981க்குப் போய்விடும். மே 31 இரவு பொது நூலகத்துக்கு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. நான் பேச வந்தது அந்தளவு பெயர் இல்லாத கடதாசிகளைப் பற்றி.

குடிசார் உரிமைகளுக்காக வேலைசெய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் பயிலுநராக இருந்தேன். அங்கே அலுமாரி நிறைய இருந்தவை முறைப்பாட்டுக் கடிதங்கள், சத்தியக்கடதாசிகள், பிடித்துச் சென்றவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுக்களின் பிரதிகள். எரிந்த புத்தகம் ஒன்றுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைக்கக்கூடும். எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஒரு தாய் எழுதுவித்த கடிதத்துக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

எண்ணிமப்படுத்தல், அதாவது இவற்றைக் கணினிக்கு மாற்றுவது, என்றதும், கடதாசியை ஸ்கானரில் வைத்துப் பொத்தானை அமத்துவதுதானே என்பார்கள். அதற்கு முன்னால்தான் வேலையே இருக்கிறது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பியைத் தாள் கிழியாமல் நிமிர்த்தி எடுக்க வேண்டும். கட்டு எந்த ஒழுங்கில் வந்ததோ அந்த ஒழுங்கு குலையக் கூடாது. இலக்கம் போடுவது பென்சிலால் மட்டுமே. பழைய பக்ஸ் தாள்கள் வெப்பத்தில் பதிபவை, எழுத்து மங்கிக்கொண்டே போகும். அதனால் வரிசையில் அவற்றுக்குத்தான் முதலிடம்.

ஒரு கடிதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோடு போட்ட கொப்பித்தாள். 1996இல் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் காணாமலாக்கப்பட்டார்களே, அந்த வருடத்துக் கடிதம். முன்பக்கத்தில் மணிமணியான எழுத்து, கீழே பெருவிரல் அடையாளம். பின்பக்கத்தில் வேறு மையில், வேறொருவர் கையால், பிரதி போன இடங்கள்: அரச அதிபர், செஞ்சிலுவைச் சங்கம், இராணுவ முகாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதி. பதில் வந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. பின்பக்கத்தை எடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் தாய் ஏறி இறங்கிய படிகளுக்கு ஆதாரமே இருந்திராது. அதனால் இரண்டு பக்கமும் எடுப்போம், அதுவும் நிறத்தில், அங்குலத்துக்கு 400 புள்ளியில். கறுப்பு வெள்ளையில் நீல மையும் சிவப்பு முத்திரையும் ஒன்றுபோலத் தெரியும். மூலமா, போட்டோக்கொப்பியா என்று பிறகு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

திகதி ஏன் இவ்வளவு முக்கியம்? ஆணைக்குழுக்கள் வரும், போகும். 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. எங்கே போனாலும், எப்போது, யாரிடம் முதலில் முறையிட்டீர்கள் என்ற கேள்வி வரும். இருபது வருடம் கழித்து அதற்கு மறுமொழி சொல்ல அந்தக் கொப்பித்தாள் வேண்டும். வேண்டிய நேரத்தில் அது கைக்கு வரவும் வேண்டும். ஒரே பிள்ளையின் பெயர் தமிழில் ஒரு மாதிரியும், சிங்களப் படிவத்தில் இன்னொரு மாதிரியும், ஆங்கிலத்தில் மூன்றாவது மாதிரியும் இருக்கும். விவரப்பட்டியலில் மூன்றையும் இணைக்காவிட்டால் தேடுகிறவர் வெறுங்கையோடுதான் போவார். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளுக்கும் இதே கதிதான். யூனிகோட்டுக்கு மாற்றாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும்.

அப்புறம், எதை யாருக்குக் காட்டுவது? 2005இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்றே பெயர்கொண்ட இணைய எண்ணிம நூலகம் எங்கள் நூல்களையும் சஞ்சிகைகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது, அது பெரும் தொண்டு. வாக்குமூலம் அப்படியல்ல. அதைக் கொடுத்தவர் இன்றும் அதே ஊரில் இருக்கலாம், அவர் பெயர் சொன்ன ஆளும் அடுத்த தெருவில் இருக்கலாம். எனவே முழுப் பிரதி பூட்டிய இடத்தில் இருக்கும். பெயரும் முகவரியும் மறைத்த பிரதிதான் வாசிப்புக்கு வரும், அதுவும் குடும்பத்தின் சம்மதத்தோடு. சிலர் மறுத்தார்கள். மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வேகமாக எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று துடிக்கும் இளையவர்களிடம் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் காணி உறுதிகளும் கடிதங்களும் இதே கவனத்தோடு, இதே அலுமாரியில் இருக்க வேண்டியவை. செய்தவர் யார் என்று பார்த்து உரிமை ஆவணத்தைத் தரம்பிரிக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு சொப்பின் பைக்குள் இப்படியான கடதாசிகள் இருக்கும், இடம்பெயரும்போதெல்லாம் கூடவே வந்தவை. அவற்றைப் பையிலிருந்து எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். குண்டூசிகளைக் கழற்றுங்கள். தயவுசெய்து லமினேட் பண்ண வேண்டாம், பிறகு அந்த உறையைத் தாளிலிருந்து பிரிக்கவே முடியாது. படங்களின் பின்னால் பெயரையும் ஊரையும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், அந்த முகங்களைத் தெரிந்த அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு.

நன்றி, வணக்கம்.