மரீ: பாலைவனத்தில் ஒரு துறைமுகம்

[காட்சி: புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம், காலை நேரம். கேமரா தண்டவாளத்தை ஒட்டித் தாழ்வாக நகர்கிறது.]

வணக்கம். இந்த இடம் சிங்கப்பூரில் நிறைய பேருக்குப் பழக்கம்தான். 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகாருக்கு ரயில் போன பாதை இது. இப்போது நடக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம், பிள்ளைகளைப் படம் எடுக்கிறோம். இந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி.

இதைவிட வெறும் 67 மில்லிமீட்டர் அகலம் கூடிய ஒரு பாதை, ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு சின்ன ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் ரயில் நின்றுவிட்டது. நமக்கு ரயில் போனாலும் ஊர் இருக்கிறது. அவர்களுக்கு ரயில்தான் ஊர்.

[காட்சி: வரைபடம். அடிலெய்டிலிருந்து வடக்கே ஒரு கோடு நீள்கிறது.]

ஊர் பெயர் மரீ. தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 600 கிலோமீட்டர். அங்கே இருக்கும் மொத்தப் பேரையும் ஒரே வீவக புளோக்கில் குடிவைக்கலாம். அப்படியும் பல வீடுகள் காலியாக இருக்கும்.

பெயரைக் கேட்டால் நம் காதில் 'மாரி' என்றுதான் விழுகிறது. ஆனால் அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 160 மில்லிமீட்டர். நமக்கு டிசம்பர் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓரிரு நாளில் கொட்டிவிடும் அளவு அது. வடக்கே போனால் கட்டி தந்தா ஏர் ஏரி. கடல் மட்டத்துக்கும் 15 மீட்டர் கீழே, பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் பரப்பு.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் ஊர் எப்படி வந்தது? தண்ணீரால்.

[காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டுப் படம். கிழக்கே மலை, நடுவில் சாய்ந்த பாறை அடுக்குகள், மேற்கே ஊற்று.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்கு மலைத்தொடரில் பெய்யும் மழையில் ஒரு பங்கு மணற்பாறைக்குள் இறங்குகிறது. மேலேயும் கீழேயும் நீர் புகாத அடுக்குகள். இரண்டுக்கும் நடுவே மாட்டிய தண்ணீர் மேற்கு நோக்கி ஊர்கிறது. ஓடுகிறது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சில மீட்டர் மட்டுமே நகரும் வேகம். கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு அடியில் பரவியிருக்கும் இதற்குப் பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்று பெயர். மேற்கு ஓரத்தில் பாறை விரிசல் கண்ட இடங்களில் தண்ணீர் தானாக மேலே பொங்குகிறது. அதில் கரைந்திருந்த தாதுக்கள் படிந்து படிந்து, ஊற்றைச் சுற்றி மேடு எழும்புகிறது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு குளம், ஓரத்தில் நாணல். அந்தத் தண்ணீரில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையும் உண்டு. மனிதர் யாரும் அந்தக் கண்டத்தில் கால் வைக்காத காலம் அது.

இந்த ஊற்றுகள் வடமேற்காகச் சங்கிலிபோல வரிசையாக அமைந்திருக்கின்றன. அரபானா மக்களுக்கும் அவர்களைச் சுற்றியிருந்த பழங்குடியினருக்கும் இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழகிய பாதை. ஒவ்வொரு ஊற்றுக்கும் பெயரும் கதையும் உண்டு. 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி வந்தார். அவரோடு வந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்காட் ஓர் ஊற்றைப் பார்த்துச் சொல்ல, ஸ்டூவர்ட் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். அதுதான் மரீயின் ஊற்று. முதலாம் உலகப்போரின்போது ஜெர்மன் பெயர்கள் வேண்டாம் என்று அரசு அந்தப் பெயரை நீக்கியது.

[காட்சி: கடலடிக் கம்பி வரைபடம். சென்னை, பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா, டார்வின்.]

இந்த இடத்தில் நம் ஊரும் கதைக்குள் வருகிறது. 1872இல் டார்வினிலிருந்து தெற்கே தந்திக் கம்பி போட்டார்கள். பாலைவனத்தில் அது ஒட்டிப்போனது இந்த ஊற்றுகளின் பாதையைத்தான். டார்வினிலிருந்து கடலுக்கு அடியில் ஜாவா, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, பிறகு அன்றைய மெட்ராஸ். அடிலெய்டில் ஒருவர் லண்டனுக்குத் தந்தி அடித்தால், அது இந்தப் பாலைவனத்தைக் கடந்து, சிங்கப்பூர் வழியாக, சென்னைக் கடற்கரையில் கரையேறியது.

அப்புறம் 1884இல் ரயில் வந்தது. அதுதான் மரீயைத் துறைமுகமாக்கியது. கடல் இல்லாத துறைமுகம். தண்டவாளம் அங்கே முடிந்ததால் மாவு, தேயிலை, சர்க்கரை, கருவிகள் எல்லாம் அங்கே இறங்கின. உள்நாட்டுப் பண்ணைகளிலிருந்து கம்பளி மூட்டைகள் வந்து ஏறின. குவீன்ஸ்லாந்து எல்லையிலிருந்து பேர்ட்ஸ்வில் பாதை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல் நடத்திவரப்பட்ட மாடுகளும் அங்கேதான் ரயிலேறின. சரக்கு கைமாறும் இடத்தில் ஊர் பிழைக்கும். சிங்கப்பூர்க்காரர்களான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

ரயிலிலிருந்து இறங்கிய சரக்கை யார் சுமந்தது? ஒட்டகம். யார் ஓட்டியது?

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். மூட்டை ஏற்றிய ஒட்டக வரிசை.]

பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து, ஆப்கானிஸ்தான் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே எல்லாரும் 'ஆப்கன்'. நமக்கு இது புரியும். தஞ்சாவூரானாலும் நாகூரானாலும், தென்னிந்தியர் என்றால் ஒரு காலத்தில் இங்கே 'கிளிங்' என்ற ஒற்றைப் பெயர்தான். இன்றைய சூலியா தெருவுக்கே முன்பு கிளிங் தெரு என்று பெயர்.

1866இல் தாமஸ் எல்டர் என்ற செல்வந்தர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் ஓட்டுநர்களையும் கப்பலில் வரவழைத்தார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மனைவி பிள்ளைகள் ஊரில் இருக்க, தனியாளாக வந்தவர்கள். ஒரு நல்ல ஒட்டகம் 400 கிலோவுக்கு மேல் சுமக்கும். ரயில் பாதையை மேலும் வடக்கே நீட்டியபோது அதற்கான சாமான்களைச் சுமந்ததும் இவர்களின் ஒட்டகங்கள்தான்.

மரீயில் தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளையர், ஓட்டல், கடைகள். மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும். அந்தப் பக்கத்தில் மண்ணால் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் அதுவும் ஒன்று. முன்னால் சிறிய குளம், சுற்றிப் பேரீச்சை மரங்கள். பள்ளிவாசல் குளத்தில் கைகால் கழுவ அந்தப் பாலைவனத்தில் தண்ணீர் இருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு.

1903இல் வந்த குடியுரிமைச் சட்டம், ஆசியப் பூர்வீகம் கொண்டவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது என்றது. கண்டத்தின் நடுப்பகுதிக்கு உணவும் துணியும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு அதுதான் கிடைத்தது. எனக்கு இது ஆறாத விஷயம்.

அவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி நினைக்க வேண்டும். பெஜா தர்வேஷ். பலுசிஸ்தானில் பிறந்தவர். 1896இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனங்களுக்குள் போன கால்வெர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களை வழிநடத்தினார். அந்தப் பயணத்தில் இரண்டு பேர் தாகத்தில் இறந்துபோனார்கள். தலைவர் வெல்ஸ், பெஜாவின் மீது வைத்த மதிப்புக்கு அடையாளமாகத் தம் திசைகாட்டியை அவருக்குக் கொடுத்தார். பெஜா பிறகு மரீயில் குடியேறி, பேரீச்சை வளர்த்து, 1957இல் காலமானார். 1939இல் சிம்சன் பாலைவனத்தைக் கடந்த குழுவின் ஒட்டகங்களை ஓட்டியவர் அவருடைய மகன் ஜாக்.

[காட்சி: மணலில் சிக்கிய பழைய லாரி.]

மோட்டார் லாரி வந்ததும் ஒட்டகத்துக்கு வேலை போனது. 1936 முதல் பேர்ட்ஸ்வில் பாதையில் லாரியில் தபால் கொண்டுபோன டாம் குரூஸ் இன்றும் அங்கே நாயகர். 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா, உரிமை கோரப்படாத ஒட்டகங்களைக் கொல்லச் சட்டம் போட்டது. பல ஓட்டுநர்களுக்குச் சுட மனம் வரவில்லை, அவிழ்த்துவிட்டார்கள். இன்று அந்தக் கண்டத்தில் காட்டு ஒட்டகங்கள் பல லட்சம்.

ரயில் மட்டும் ஓடியது. 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டது. 'ஆப்கன்' என்ற சொல் சுருங்கி அந்த ரயிலுக்கே 'கான்' என்று பெயர். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் பாதையை ஊற்றுகளை ஒட்டிய தாழ்நிலத்தில் போட்டிருந்தார்கள். எப்போதாவது பெருமழை வந்தால் தண்டவாளம் அடித்துக்கொண்டு போய்விடும், ரயில் நாள்கணக்கில் நடுவழியில் நிற்கும்.

1957இல் பழையதைவிட அகலமான 'ஸ்டாண்டர்ட் கேஜ்' பாதை மரீ வரை வந்தது. வடக்கே மட்டும் பழைய குறுகிய பாதை. எனவே பயணிகளும் சரக்கும் மாடுகளும் மரீயில் இறங்கி மாறியே ஆக வேண்டும். ஊர் இரண்டாம் முறை துறைமுகம் ஆனது. அதற்குள் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. அதற்கு ஊற்று தேவையில்லை. 1980இல் வெள்ளம் எட்டாத புதிய பாதையை மேற்கே வெகுதூரம் தள்ளிப் போட்டார்கள். பழைய கான் அதோடு நின்றது. மரீயில் மாறுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

[காட்சி: மரீ நிலையம், மாலை வெயில். துருப்பிடித்த எஞ்சின்கள்.]

போக நினைப்பவர்களுக்கு: சாங்கியிலிருந்து அடிலெய்டு சுமார் ஏழு மணி நேரம், பிறகு சாலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல பருவம். மழை பெய்தால் மண்பாதைகளை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் வண்டியை இறக்காதீர்கள். நிலைய மேடையும் இரண்டு டீசல் எஞ்சின்களும் அங்கே இருக்கின்றன. பழைய பள்ளிவாசலின் நினைவாக அதே வடிவில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் மறுபக்கம் நடந்து பாருங்கள். அவர்கள் நட்ட பேரீச்சை மரங்களில் சில இன்னும் நிற்கின்றன.