கருவிக்கு முன் கால்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தாளத்தையும் சுரத்தையும் தாளக்கருவிகளையும் எந்த வரிசையில் கற்பிப்பது என்பதுதான் இன்றைய உரையின் பொருள். பணியில் சேர்ந்த புதிதில், முதல் வகுப்பிலேயே எல்லோர் கையிலும் ஒரு சிறு மேளத்தைக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் முழுவதையும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வதிலேயே கழித்தவன் நான். தவறு குழந்தைகளுடையதன்று, கையில் மேளம் இருந்தால் அடிக்கத்தான் தோன்றும்.

ஜெனீவாவில் இசை கற்பித்த எமில் ஜாக்-டால்குரோஸ், நன்றாக வாசிக்கத் தெரிந்த மாணவர்களே காலப்பிரமாணத்தில், அதாவது வேகத்தைச் சீராக வைத்திருப்பதில், தடுமாறுவதைக் கண்டு, அவர்களை எழுந்து நடக்கச் செய்தார். நடையில் தாளத்தின் சீரான துடிப்பு இருக்கிறது. அதைக் கால்கள் பிடித்துக்கொண்ட பிறகே கைகளுக்கு வேலை தர வேண்டும். ஆசிரியர் தமக்கு வசதியான நிதானத்தைக் குழந்தைகள்மீது சுமத்தக் கூடாது. சிறுவர்கள் இயல்பாகத் தட்டும் வேகம் பெரியவர்களுடையதைவிடக் கூடுதலானது. மெதுவாகத் தட்டுவது அவர்களுக்கு எளிதன்று, கடினம்.

அடுத்துப் பிரித்துக் காட்ட வேண்டியவை, மாறாமல் வரும் துடிப்பும், சொல்லின் குறில் நெடிலுக்கேற்ப மாறும் நடையும். இதற்குத் தமிழ்க் குழந்தையிடம் ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘பூ’ என்பது ஒரு துடிப்பை நிரப்பும் நெடில். ‘கிளி’ அதே துடிப்புக்குள் அடங்கும் இரண்டு குறில்கள். ‘பூ, பூ, கிளி, பூ’ என்று சொல்லியபடியே கைதட்டச் செய்தால், ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் பெயரால் வழங்கும் கற்பித்தல் முறையில் ‘டா டா டிடி டா’ என்று சொல்லப்படும் அதே அமைப்பு வந்துவிடுகிறது. தாளத்தை வாயால் சொல்லிக் காட்டும் தகதிமி, தகிட என்னும் சொற்கட்டுகளும் இந்த வழியில்தான் செயல்படுகின்றன: முதலில் வாய், பிறகு கை. வகுப்பில் பாதிப் பேர் காலால் துடிப்பை மிதிக்க, மறுபாதியினர் சொல்லின் நடையைத் தட்ட வேண்டும். இரண்டும் வேறு என்பது எந்த விளக்கத்தாலும் புரியாத குழந்தைக்கு இதில் புரிந்துவிடுகிறது. இவற்றை எழுதிக் காட்டும் குறியீடுகளுக்கு அவசரமில்லை.

சுரத்துக்கு வருவோம். பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்கும் இரண்டே சுரங்களில் தொடங்கலாம். எட்ட இருக்கும் ஒருவரைக் கூவி அழைக்கும் குழந்தையின் குரலில் அந்த இறக்கம் அடிக்கடி கேட்கிறது. ஆண் ஆசிரியர்கள் தம் இயல்பான குரலில் பாடினால் அது குழந்தையின் குரலுக்கு ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரங்கள் கொண்ட ஒரு முழு அடுக்கு, கீழே ஒலிக்கும்; அதைப் பின்பற்ற முயன்று சுருதியை விட்டுவிடும் குழந்தையை ‘பாட வராது’ என்று ஒதுக்குவது அநியாயம்.

1948இல் பவேரிய வானொலியில் குழந்தைகளுக்கான இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கிய ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபை, வானொலியில் பேசும்போது நினைக்காமல் இருக்க இயலவில்லை. அவர் முறையில் பயன்படும் சிறு சைலோஃபோன்களில், அதாவது சுரத்துக்கொன்றாக வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளைக் கோலால் தட்டும் கருவிகளில், கட்டைகளைக் கழற்றி வைக்கலாம். மத்திமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) நீக்கினால் ச, ரி, க, ப, த மட்டும் மிஞ்சுகின்றன. அதாவது மோகன ராகத்தின் சுரங்கள். மிக நெருங்கிய இரு சுரங்களுக்கிடையிலான அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லாததால், இருபது குழந்தைகள் ஒரே நேரத்தில் எதைத் தட்டினாலும் காதை உறுத்துவதில்லை. கட்டையின் நடுவில் தட்டி உடனே கோலை மேலே துள்ளவிட வேண்டும். முனைகளிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதத்தில் உள்ள, கட்டை தாங்கப்படும் இடங்களில் அடித்தால் ஒலி மங்கிப்போகும். இதைச் சொல்வதைவிட, இரண்டு இடங்களிலும் தட்டவிட்டுக் கேட்கச் செய்வதே சரி.

எளிதென்று எண்ணி, கிலுகிலுப்பை போன்ற மராக்கஸை முதலில் கொடுப்பவர்கள் பலர். அது கையைத் தூக்கினாலே ஒலிக்கும். அதை மௌனமாக வைத்திருப்பதுதான் கடினம். ஆகவே நான் ஒன்றோடொன்று தட்டும் இரட்டை மரக்கட்டைகளில் தொடங்கி, மராக்கஸைப் பின்னால் தள்ளுகிறேன். வகுப்பிலேயே அதிகம் துறுதுறுக்கும் குழந்தைக்கு, முக்கோணமாக வளைத்த உலோகக் கம்பியான டிரையாங்கிளைக் கொடுத்து, 16 துடிப்புகளில் கடைசித் துடிப்பில் ஒரே ஒருமுறை தட்டச் சொல்வேன். கம்பியைக் கையால் பற்றாமல் கயிற்றில் தொங்கவிட்டபடி, மற்ற 15 துடிப்புகளையும் அந்தக் குழந்தை உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு நிற்கும்.

நன்றி, வணக்கம்.